அந்த இலையைப் பார்த்து நான் சொன்ன பொய்

பாபு,

உன் கடிதம் வியாழக்கிழமை மதியம் வந்தது. மூன்று முறை படித்தேன். கல்யாண மண்டபம், சமையல்காரர், பத்திரிகை என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறாய். மருமகளாக வரப்போகிற சுமதி உனக்குக் கொடுத்த ரப்பர் செடி வாடிக்கொண்டே வருகிறது, என்ன சத்துக் குறைவு என்பது ஒன்று. அப்பா இல்லாததால் மணவறையில் அவர் இடத்தில் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் உட்கார வைக்கலாமா என்பது இன்னொன்று. செடியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். பெரியப்பாவைப் பற்றி ஒரே வரி. "உனக்கு ஆட்சேபணை இருக்காது என்று நினைக்கிறேன்" என்று முடித்திருக்கிறாய். எனக்கு ஆட்சேபணை இருக்கிறது. அதைப் போனில் சொல்லிவிடலாம் என்று லஸ் முனை எஸ்.டி.டி. பூத் வரைக்கும் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். மீட்டர் ஓட ஓட சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. திரும்பி வந்து பேனாவை எடுத்தேன்.

முதலில் உன் செடி. எதையும் ஊற்றாதே. செடி வாடினால் உடனே உரக்கடைக்கு ஓடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. முதலில் உன் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார். நசநசவென்று ஈரம் இருந்தால் வேர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மண்ணில் எத்தனை சத்து இருந்தாலும் அழுகிய வேரால் அதை எடுக்க முடியாது, இலை பட்டினி கிடக்கிற மாதிரியே மஞ்சளாகும். தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா, வெளிச்சம் போதுமா என்று பார். இதெல்லாம் சரியாக இருந்தால் பிறகுதான் சத்து. அதற்கும் ஒரே ஒரு கேள்வியில் ஆரம்பிக்க வேண்டும்: மஞ்சளானது பழைய இலையா, புது இலையா? சில சத்துகளைச் செடி பழைய இலையிலிருந்து பிடுங்கித் தளிருக்குக் கொடுத்துவிடும். அவை குறைந்தால் கீழ் இலைதான் முதலில் வெளுக்கும். இரும்பு மாதிரி சிலது ஒரு தடவை இலையில் போய் உட்கார்ந்தால் நகராது. அது குறைந்தால் கீழே எல்லாம் பச்சையாக இருக்க, தளிர் மட்டும் வெளுத்து வரும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். உன் செடியில் அடி இலைகள் நரம்போடு சேர்த்து ஒரே சீராக வெளுத்திருக்கின்றன, புது இலை சின்னதாக வருகிறது, கைக்கு வந்து ஒரு வருஷமாகியும் மண் மாற்றவில்லை என்கிறாய். விரல் சோதனையில் ஈரம் இல்லையென்றால் அது தழைச்சத்துக் குறைவு. ஒரு சுற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றி, செம்மண்ணும் நன்றாக மக்கிய எருவும் கலந்து வை. மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது. அதைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. அடுத்து வருகிற இலையைப் பார்.

இதையெல்லாம் நான் கல்லூரியில் படித்தேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். தாவரவியலில் பட்டம் வாங்கினேன், உண்மைதான். ஆனால் பட்டம் வாங்கிய மூன்றாம் மாதம் கல்யாணம். அதற்கப்புறம் இருபது வருஷம் நான் பார்த்த இலை கறிவேப்பிலையும் கொத்துமல்லியும்தான். இலையைப் பார்த்து நோய் சொல்கிற வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தது உன் பெரியப்பா மேல் எனக்கு வந்த ஆத்திரம்.

நீ திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தபோது நடந்தது. நம் மாடியில் குடியிருந்த பெரியப்பா வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்தார். ஊரில் புதிது புதிதாக ஏ.சி. போட்ட ஆபீஸ்களும் ஷோரூம்களும் வந்துகொண்டிருந்த நேரம். அவற்றுக்குத் தொட்டிச் செடிகளை வாடகைக்கு விட்டு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாற்றிக் கொடுக்கிற தொழிலை ஆரம்பித்தார். அடையாறில் தெரிந்தவர் ஒருவரின் காலி மனையில் பச்சை வலை கட்டி ஒரு கொட்டகை. மாடியிலிருந்து இறங்கி வந்து என்னிடம் சொன்னார்: "உன் படிப்பு அடுப்படியிலயே வீணாப் போறதாம்மா? வந்து செடியப் பாத்துக்க." பாபு, அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. மயிலாப்பூரிலிருந்து காலை ஒன்பதரை மணி பஸ்ஸில் கையில் டிபன் பாக்ஸோடு ஏறி உட்காருவேன். எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று கண்டக்டரிடம்கூடச் சொல்ல வேண்டும் போலிருக்கும்.

கொட்டகையில் தண்ணீர் ஊற்ற, தொட்டி தூக்க, இலை துடைக்க ஒருத்தி இருந்தாள். தேசம்மா. கோட்டூர்புரம் பக்கம் ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து நடந்தே வருவாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். நான் எந்தச் செடிக்கு எந்த லத்தீன் பெயர் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவள் தொட்டியைத் தூக்கிப் பார்த்து, கனத்தை வைத்தே தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுவாள். மத்தியானத்தில் என் டிபனை அவளும் அவள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை நானும் சாப்பிடுவோம். இது மாடியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

தீபாவளிக்கு முன்னால் தி. நகரில் ஒரு பட்டுப் புடவைக் கடை புதிதாக மூன்று மாடி கட்டித் திறந்தது. அறுபது இளம் ரப்பர் செடிகள் வேண்டும் என்றார்கள். அதுவரை எங்களுக்குச் செங்குன்றம் பக்கத்திலிருந்து செம்மண் லாரியில் வரும். அந்த முறை உன் பெரியப்பா, நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இடித்துக்கொண்டிருந்த பழைய வீட்டு மனையிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வந்து இறக்கினார். அவர்களும் அகற்றினால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். உள்ளே கைவிட்டால் காரைத் துண்டு, செங்கல் பொடி, வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு. இந்த மண் வேண்டாம் மாமா, சுண்ணாம்பு அதிகம், செடிக்கு இரும்புச் சத்து ஏறாது என்று அவரிடம் சொன்னேன். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் சுண்ணாம்பு அதைக் கட்டிப் போட்டுவிடும் என்று புரிகிற மாதிரியும் சொன்னேன். அவர் சிரித்தார். "மண்ணுல என்னம்மா நல்ல மண்ணு கெட்ட மண்ணு? பொஸ்தகத்த மூடி வை" என்றார். நான் மூடி வைத்தேன்.

கடை திறந்து ஆறு வாரம் இருக்கும். இலை துடைக்கப் போன தேசம்மா திரும்பி வந்து என் கையில் ஒரு இலையை வைத்தாள். "யம்மா, இத்த பாரு. புது எலதான் வெளுத்துகினு வர்து. பழசு நல்லாத்தான் கீது" என்றாள். நான் படித்த புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்ததை அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். பெரியப்பாவிடம் இலையைக் காட்டினேன். உரம் போதவில்லை என்று சொல்லி யூரியாவை அள்ளிப் போடச் சொன்னார். போட்டோம். அதற்கப்புறம் விளிம்பும் கருக ஆரம்பித்தது. கல்யாண சீசனில், கண்ணாடிக்கும் பட்டுக்கும் நடுவில் அறுபது செடியும் மஞ்சள் காமாலை பிடித்த மாதிரி நின்றன.

கடை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். நாங்கள் நாலு பேர் போனோம்: பெரியப்பா, லீவு போட்டுக்கொண்டு உன் அப்பா, நான், தேசம்மா. தரைத்தளத்தில், வாடிக்கையாளர்களும் விற்பனைப் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி சத்தம் போட்டார். உன் பெரியப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, பாபு. அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தேசம்மாவைக் கையால் காட்டினார். "இவதான் சார். தரை தொடைச்ச சோப்புத் தண்ணிய சோம்பேறித்தனத்துல தொட்டிலயே ஊத்தியிருக்கா. நேத்துதான் கண்டுபிடிச்சேன்" என்றார். தேசம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். உன் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்தமாகக்கூட இல்லை, லேசாகத்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். முதலாளி அவளை வெளியே போகச் சொன்னார். போகிற வழியில் ஒரு விற்பனைப் பெண் தன் புடவை அவள் மேல் பட்டுவிடாமல் ஒதுங்கியதை நான் பார்த்தேன்.

வெளியே நடைபாதையில் தேசம்மா நின்றுகொண்டிருந்தாள். "அந்தாளு பொய் சொல்வாரு, அது தெரிஞ்சதுதான். உன் வாய்ல இன்னாம்மா வச்சினு இருந்த?" என்று கேட்டாள். நான் ஆட்டோவில் ஏறிவிட்டேன். பேச்சு பரவிவிட்டது. அதே தெருவில் காலையில் அவள் பெருக்கிக்கொண்டிருந்த இரண்டு கடைகளும் அவளை நிறுத்திவிட்டன. வீட்டில் நான் அழுதபோது உன் அப்பா சொன்னது இது: "அண்ணனை நாலு பேர் முன்னாடி விட்டுக்கொடுக்க முடியுமா? அவளுக்கு வேற எடத்துல வேலை கெடைக்கும்." உன் அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு பொய்யின் பக்கத்தில் மரியாதையாக நிற்கத் தெரிந்தவர். உனக்கும் அந்தக் குணம் கொஞ்சம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவைக்கிறேன்: சுமதி ஏதாவது பேச வாய் திறக்கும்போது அவள் கையைப் பிடிக்காதே.

கடையிலிருந்து திரும்பி வந்த செடிகளைக் குப்பையில் கொட்டச் சொன்னார் பெரியப்பா. நான் மூன்றை மட்டும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹாலில் மேற்குப் பக்கத்து ஜன்னலோரம் வைத்தேன். ஒன்றை அப்படியே விட்டேன். இன்னொன்றுக்கு நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கி (இரும்பு உப்புதான் அது), ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சைச் சொட்டு விட்டு இலைமேல் தெளித்தேன். மூன்றாவதை வேரோடு எடுத்து அலசி நல்ல செம்மண்ணில் நட்டேன். தினமும் காலையில் காபி குடிக்கும் முன் ஒரு நோட்டில் எழுதுவேன். இரண்டாவதில் தெளித்த இடமெல்லாம் திட்டுத் திட்டாகப் பச்சை வந்தது. மூன்றாவதில் அடுத்த இலையே பச்சையாக விரிந்தது. முதலாவது செத்தது. செத்த செடியின் தொட்டி மண்ணில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுப் பார்த்தேன். சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு இருந்தால்தான் அப்படிப் பொங்கும். அந்த நுரையைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். இதை அந்தக் கடையில், அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் செய்து காட்டாமல் விடுவதில்லை என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

கோட்டூர்புரத்துக்குத் தேடிப் போனேன். தேசம்மா என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே, இன்னாத்துக்கு வந்தே என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் முகம் இளகவில்லை. தனியாகச் செடித் தொழில் ஆரம்பிக்கப் போகிறேன், நீ கூட்டாளியாக வரவேண்டும் என்றேன். அப்போதும் இளகவில்லை. மாமாவை அதே கடையில் நிறுத்தி உன்னிடம் மன்னிப்புக் கேட்க வைப்பேன் என்றேன். "அதுக்குன்னா வரேன்" என்றாள். பாயை விரித்து உட்காரச் சொன்னாள்.

அடுத்த ஒன்றரை வருஷம் நான் செய்ததை நீ தொழில் என்று நினைத்திருப்பாய். லீவில் வந்தபோது, அம்மா எவ்வளவு சுறுசுறுப்பாகிவிட்டாள் என்று பெருமைப்பட்டாய். நான் வேட்டையாடிக்கொண்டிருந்தேன். நம் மொட்டைமாடி முழுக்கத் தொட்டி வைத்தேன். உன் பெரியப்பாவின் வாடிக்கையாளர் பட்டியல் எனக்கு மனப்பாடம். நான் எழுதிய பட்டியல்தானே. கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம், அடையாறில் ஒரு டாக்டர், தி. நகரில் இரண்டு ஆபீஸ் என்று ஒவ்வொரு இடமாகப் போவோம். வாடியிருக்கிற செடியின் இலையைப் பிடித்து, இது இன்ன குறை, இத்தனை நாளில் அடுத்தது இப்படி ஆகும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். நான் சொன்ன மாதிரியே ஆகும்போது அவர்களே கூப்பிடுவார்கள். ஓரம் கருகிய பழைய இலை சாம்பல்சத்து என்று சொல்லும். தளிரே சுருண்டு நுனி செத்து வந்தால் கால்சியம். பட்டினி கிடக்கிற செடி எதையும் மறைப்பதில்லை, பார்க்கத் தெரிந்தவர்களுக்கு எழுதிக் காட்டிக்கொண்டே சாகும். ஒரு இடம் கைக்கு வரும்போதெல்லாம், மாடிப்படியில் அவர் இறங்கி வரும் நேரமாகப் பார்த்து வாசலில் நின்று தேசம்மாவிடம் அதைச் சத்தமாகச் சொல்வேன்.

கடைசியில் புடவைக் கடையும் வந்தது. முதலாளியிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன்: பழைய ஆளையும் கூப்பிடுங்கள், காரணம் சொல்லிவிட்டு வேலையை எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு வேடிக்கை பிடிக்கும். கூப்பிட்டார். நான் மேஜைமேல் அந்தச் செத்த செடியின் தொட்டியை வைத்தேன். பெரியப்பாவுக்கு அந்தத் தொட்டி அடையாளம் தெரிந்தது. வினிகர் பாட்டிலைத் தேசம்மா கையில் கொடுத்தேன். அவள் ஊற்றினாள். பொங்கியது. அதே விற்பனைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "சோப்புத் தண்ணி இல்ல சார். இடிச்ச வீட்டுச் சுண்ணாம்பு. இவருக்கு நான் முன்னாடியே சொன்னேன்" என்றேன். முதலாளி அவரைப் பார்த்தார். உன் பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, ஏதோ தப்பு நடந்துபோச்சு என்றார். நான் விடவில்லை. "தரைகிட்ட எதுக்குச் சொல்றீங்க மாமா? அவளப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். அவர் தலை நிமிர்ந்து, தேசம்மாவைப் பார்த்து, "மன்னிச்சிடும்மா" என்றார். தேசம்மா, "சரி, வுடு" என்றாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டியைத் தூக்கினாள். அவளுக்கு அவ்வளவுதான், முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை.

இதுவரைக்கும் சொன்னதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. இனிமேல் சொல்வதை உன்னிடமோ உன் அப்பாவிடமோ நான் சொன்னதில்லை.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் பெரியப்பா கீழே வந்தார். அவரிடம் அப்போது ஒரே ஒரு இடம்தான் மிச்சம், அடையாறில் ஒரு பெரிய விருந்தினர் விடுதி. அதற்காக நல்ல செம்மண் வாங்கியிருந்தார், நல்ல கன்று வாங்கியிருந்தார். எல்லாம் நான் சொல்லியிருந்த முறைப்படிதான் செய்திருந்தார். ஆனால் பயத்தில் பொட்டாஷ் உரத்தை மட்டும் கணக்கில்லாமல் போட்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒரு இலையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எனக்கு வேற யாரையும் கேக்கத் தெரியலம்மா" என்றார்.

பழைய இலை. நரம்புகளுக்கு நடுவில் மஞ்சள். காம்புப் பக்கம் மட்டும் ஒரு முக்கோணம் பச்சையாக நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: மெக்னீசியம். பொட்டாஷ் அதிகமானால் செடிக்கு மெக்னீசியம் ஏறாது. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற எப்சம் உப்பை லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் கரைத்து ஊற்றி, பொட்டாஷை நிறுத்தினால் அடுத்து வருகிற இலைகள் பச்சையாக வந்திருக்கும். நான் இலையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கு முதல் பார்வையிலேயே தெரியும். "இரும்புச் சத்து மாமா. அன்னபேதி வாங்கித் தொட்டிக்கு ரெண்டு பெரிய ஸ்பூன் போடுங்க" என்றேன். ஒரு சிட்டிகை போடுகிற இடத்தில் இரண்டு பெரிய ஸ்பூன். அவர் அதைக் காகிதத்தின் மேலேயே எழுதிக்கொண்டார். காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, நீ நல்லா இருக்கணும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாளில் வேர் வெந்து எல்லாச் செடிகளும் கறுத்து விழுந்துவிட்டன. விடுதிக்காரர்கள் அவரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்களாம். அத்தோடு கொட்டகையைப் பிரித்தார். நாலு மாதத்தில் மாடி வீட்டைக் காலி செய்துகொண்டு பெரியம்மாவோடு புனேயில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தொழில் ஒத்துவரவில்லை என்று உனக்குச் சொன்னார்கள். தேசம்மா அந்தக் கறுத்த செடியில் ஒன்றைக் கொட்டகையில் பார்த்திருக்கிறாள். என்னிடம் வந்து, "அது இரும்பு வியாதியே இல்லியேம்மா. நீ இன்னா சொல்லி அனுப்ன?" என்று கேட்டாள். நான் சொன்னேன். ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது, "அந்தாளு என்னாண்ட மன்னிப்பு கேட்டதோட போதும்னு இருந்தேன். இது உன்னுது" என்றாள். உன் அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, அந்த இலையப் பாத்து உனக்கு நெஜமாவே தெரியலையா என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உனக்கு டைபாய்டு வந்தபோது புனேயிலிருந்து ஓடிவந்து பதினெட்டு நாள் பக்கத்திலேயே இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் அவர். அம்மாவுக்குச் செடியென்றால் உயிர் என்று உன்னிடம் சொன்னாராம். நான் என்ன செய்தேன் என்று அவருக்கு அப்புறமாவது தெரியாமல் இருந்திருக்காது. அதை உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். பெருந்தன்மை என்று நீ சொல்வாய். நானும் சில நாள் அப்படி நினைத்திருக்கிறேன். இன்னும் சில நாள், என் கதையைச் சொன்னால் தன் கதையையும் சொல்ல வேண்டி வருமே என்றுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். எனக்கு அவர்மேல் கோபம் தணிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. செத்த செடிகளுக்காக வருத்தப்படுகிறேன். உன் அப்பாவிடம் சொன்ன பொய்க்காகத் தினமும் வருத்தப்படுகிறேன். உன் பெரியப்பாவுக்காக வருத்தப்பட முயற்சி செய்கிறேன். அந்தக் கடையில் அவர் கை தேசம்மா பக்கம் நீண்டது ஞாபகம் வரும், முயற்சி அங்கேயே நின்றுவிடும்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அது இரும்பு இல்லை, மெக்னீசியம், தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன் என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. தெரிவித்தேன். உன் கல்யாணத்துக்கு அவர் வரட்டும். பத்திரிகையை நீயே புனேக்குப் போய்க் கொடு, காலில் விழுந்து கூப்பிடு. முதல் பந்தியில் உட்கார வைத்து நானே கேட்டுக் கேட்டுப் பரிமாறுகிறேன். ஆனால் மணவறையில் உன் அப்பா இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இடம் என்னுடையது. அதில் நான் உட்காருவேன். புருஷன் இல்லாதவள் உட்காரக் கூடாது என்று புரோகிதர் சொன்னால் உட்காரலாம் என்று சொல்கிற புரோகிதரைத் தேடு. உன் அப்பா இடம் காலியாகவே இருக்கட்டும். பெரியவர்களை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்னொரு தடவை நிற்க மாட்டேன்.

இன்னொன்றும் ஏற்பாடு செய்துவிட்டேன். தேசம்மாவுக்குப் புடவை எடுத்தாயிற்று, அதே தி. நகர் கடையில்தான், அரக்கு நிறப் பட்டு. வரவேற்பு மேஜைக்கு முன்னால் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக நிற்கப் போவது அவள்தான். மண்டபத்துக்கு வாசல் ஒன்றே ஒன்று, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உன் பெரியப்பா உள்ளே வரவேண்டுமென்றால் அவள் எதிரில் நின்று, அவள் நீட்டுகிற சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டுதான் வரவேண்டும். அவர் ரயிலுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இதையும் சொல்லிவிடு.

அம்மா